வெறும் ஃப்ளாஷ்

என் போனில் ஒரு வருடமாக இடமில்லை. கையில் எடுத்தாலே இடம் தீர்ந்துவிட்டது என்று எச்சரிக்கிறது. உங்களில் பலருக்கும் இதே கதைதான். பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கும்போது நாம் புலம்பிக்கொள்ளும் விஷயங்களில் இதுவும் ஒன்று. ஆனால் நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மங்கலாக விழுந்ததையும் இரண்டு தடவை எடுத்ததையும் அழித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறீர்கள். என்னால் அது முடியாது. மகளின் கட்டைவிரல் மட்டும் விழுந்த படம், தரை மட்டும் தெரிகிற படம், எதையும் அழிக்க மாட்டேன். அந்தக் குப்பைத்தொட்டி அடையாளத்தை விரல் தொட்டுவிடும். நிஜமாகவே அழிக்கலாமா என்று போன் கேட்கும். வேண்டாம் என்று அழுத்திவிட்டு வெளியே வந்துவிடுவேன்.

“ஒரு டாக்டரைப் பாரேன்,” என்பார் என் கணவர், பாதி விளையாட்டாக.

காரணம் எனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பத்து வயதில், ஒரு கல்யாணத்தில், ஒரு பெண்மணியின் படத்தை நான் அழித்துவிட்டேன். வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். நான் அழித்தேனா, இல்லையா? இந்தக் குறிப்பு அதைப் பற்றியது. இது ஒரு விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம். படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அப்பாவுக்கு மயிலாப்பூரில் ஸ்டுடியோ. கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கீழே ரவிக்கை தைக்கிற கடை, மேலே நாங்கள். படியேறினதும் ஒரு ஆளுயரக் கண்ணாடி. அதன் கீழே பவுடர் டப்பா, பல் உடைந்த சீப்பு, பாஸ்போர்ட் படத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்ளும் ஒரே ஒரு கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டில் மயிலாப்பூர் மொத்தத்தின் வியர்வையும் இருந்தது. பின்னால் இருட்டறை. கதவைத் திறந்தால் புளித்த வாடை மூக்கில் ஏறும். பிலிம் ரோல் வருகிற சின்னக் கறுப்பு டப்பாக்களில் அம்மா ஊக்கு, பெருங்காயம், கடுகு, விழுந்த என் பால் பல் வரைக்கும் போட்டு வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். நான் வீட்டுப்பாடம் எழுத, அம்மா எதிரே உட்கார்ந்து நெகடிவில் பென்சிலால் யாருடைய முகப்பருவையோ மறைத்துக்கொண்டிருப்பாள்.

இதைக் கேட்டதும் சிலர் பெருமூச்சு விடுவார்கள். அந்த ரோல் காலமே தனி, அப்போது எடுத்தது எடுத்ததுதான், பொய்யே கிடையாது, டிஜிட்டல் வந்த பிறகுதான் எல்லாம் ஏமாற்று என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். ரோல் காலத்துப் பொய் எப்படித் தயாரானது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே உண்டு, வெறும் ஃப்ளாஷ்.

ஒரு ரோலில் முப்பத்தாறு படம். இத்தனை ரோல் என்று கல்யாண வீட்டார் முன்கூட்டியே பேசிவிடுவார்கள். ஆனால் மேடைக்கு வருகிறவர்களை யார் எண்ணிக் கூப்பிட்டார்கள்? பெண்ணோடும் மாப்பிள்ளையோடும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் இறங்க மாட்டார்கள். அதனால் வரவேற்பு தொடங்குமுன் கல்யாண வீட்டுப் பெரியவர் யாராவது அப்பாவின் காதருகே வந்து, இன்னாருக்குப் படம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவார். அப்பா கேமராவைக் கண்ணில் வைப்பார். “இங்க பாருங்க, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, லேசா சிரிங்க,” என்பார். ஃப்ளாஷின் முதுகில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை மட்டும் அழுத்துவார். பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். அவர்கள் திருப்தியோடு இறங்கிப் போவார்கள். படம் எதுவும் விழுந்திருக்காது.

அலுவலகத்தில் கூட வேலை பார்க்கிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், தூரத்துச் சொந்தம், ஏழைச் சொந்தம். இவர்களுக்குத்தான் அது. விளக்குப் பிடிக்க வரும் சித்தப்பா திரும்பி வரும்போது ஆட்டோவில் சொல்வார், “வெறும் ஃப்ளாஷுக்கே இன்னாமா பல்ல காட்றாங்கோ பாத்தியா?” எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். அதை மறைத்துவிட்டு மற்றவர்கள்மேல் கோபப்பட எனக்கு உரிமை கிடையாது.

பின்னால் யாராவது தங்கள் படத்தைக் கேட்டுக்கொண்டு படியேறி வந்தால் அம்மா ஒரு பதில் வைத்திருந்தாள். “ரோல் கழுவும்போது அந்த எடத்துல வெளிச்சம் பட்டுடுச்சுங்க.” உண்மையாகவே வருத்தப்படுகிற குரலில் சொல்வாள். நான் ஒரு ரப்பர் தொலைந்ததற்குப் பொய் சொன்னால் வாயில் அடிக்கிற அம்மா.

எனக்குப் பத்து வயதான வருடம் தை மாதத்தில் டிஜிட்டல் கேமரா வந்தது. அடுத்த தெரு ஸ்டுடியோக்காரர் வாங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் அப்பா இறங்கி வந்தார். பெட்டிக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கோயிலுக்கு எடுத்துப் போய் அர்ச்சனை செய்துகொண்டு வந்தார். கூடவே வந்த விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் ஆங்கில வழியில் படிப்பவள் நான் ஒருத்திதான். அதனால் தினமும் சாயங்காலம் நான் படித்துச் சொல்ல, அவர் பொத்தான்களைத் தொட்டுப் பார்ப்பார்.

“ஃபார்மட்டுன்னு போட்டுக்கீதே, இன்னா அது?”

“கார்டுல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிடும்ப்பா.”

“எல்லாத்தையுமா? அப்போ அந்தப் பக்கத்த மொதல்ல கிழிச்சுப் போடு.”

நிஜமாகவே கிழிக்க வைத்தார். அவருக்கு அந்தக் கேமராவைப் பார்த்தால் பயம். ரோல் என்றால் கையில் பிடிக்கலாம், இது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்பார். குப்பைத்தொட்டி போட்ட பொத்தானின்மேல் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒரு துண்டு வெட்டி ஒட்டிவைத்தார். தன் விரலையே அவர் நம்பவில்லை. கண் மூடிய படமானாலும், தலை வெட்டுப்பட்ட படமானாலும் அப்படியே இருக்கட்டும், யாரும் எதையும் அழிக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம் ஆனது.

அதை வைத்து அப்பா எடுத்த முதல் பெரிய கல்யாணம் மாசி மாதம், தி. நகரில் ஒரு மண்டபத்தில். தெற்கேயிருந்து வந்து இங்கே ஜவுளிக்கடை வைத்து நன்றாக இருந்த குடும்பம். மணப்பெண்ணின் அம்மாதான் எல்லாவற்றையும் நடத்திக்கொண்டிருந்தார். கையில் சாவிக்கொத்து, இடுப்பில் செருகிய முந்தானை, யார் எங்கே நிற்க வேண்டும் என்பது முழுவதும் அவர் கண்ணில் இருந்தது. எங்கள் அம்மா பெண் அலங்காரத்துக்கு உதவ மணமகள் அறைக்குள் போய்விட்டாள்.

அப்பா காலையிலிருந்தே மண்டபம் முழுவதும் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். “இது புது மிஷினு சார். எடுத்த நிமிஷமே பாக்கலாம். ரோலும் வாணாம், கழுவவும் வாணாம்.” தாலி கட்டுகிற நேரத்தில் மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று பழைய கேமராவிலும் எடுத்தார். மேடையில் வரிசையாக வந்து நின்றவர்களை எல்லாம் புதியதில் எடுத்தார். வரிசை முடிந்ததும் பழைய கேமராவோடு பந்தியைப் படம் எடுக்கப் போனார். புதியதை என் கழுத்தில் மாட்டிவிட்டு, “கேக்கறவங்களுக்குக் காட்டு பாப்பா. இந்த ரெண்டு அம்பு மட்டும்தான் அமுக்கணும். வேற எதுலயும் கை படக்கூடாது,” என்றார்.

மேடைக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அரை மணி நேரம் நான்தான் அந்த மண்டபத்திலேயே முக்கியமான ஆள். பட்டுப்பாவாடைக் குழந்தைகள், பெரிய மூக்குத்தி போட்டவர்கள், கைத்தடியோடு வந்த ஒரு பெரியவர், எல்லாரும் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார்கள். கட்டைவிரல் அளவுத் திரை. “ஏ, நான் கறுத்துத் தெரியுறேன் பாரு.” “இல்லாட்டி மட்டும் செவப்பாக்கும்.” மல்லிகைப் பூ வாசனையும் சாம்பார் வாசனையும் என் முகத்தில் வந்து மோதிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் அவர் வந்தார். கரும்பச்சைச் சுங்குடிச் சேலை, கையில் ஒரு துணிப்பை. மணப்பெண்ணுக்கு அத்தை, அவள் அப்பாவின் அக்கா.

“பாப்பா, இதுல ஒடனே படம் தெரியுமாமே. எனக்கும் எம்புள்ளைக்கும் எடுத்தாகல்ல, அதக் காட்டு தாயி.”

“கல்யாணப் பொண்ணு உங்க பொண்ணா?”

“பெக்கல. வளத்தேன். அவ ஆத்தாளும் அப்பனும் இங்க வந்து கடை போட்டு ஓடிக்கிட்டு கெடந்தாக. பத்து வயசு மட்டும் எங்கிட்டத்தான் இருந்தா. உன் உசரம் இருக்கும்போதுதான் கூட்டியாந்துட்டாக.” என் பக்கத்தில் தரையிலேயே குந்தி உட்கார்ந்துகொண்டார். “அவளும் நானும் சேந்து நிக்கிற படம் எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல. இந்த ஒண்ணு எடுத்துட்டா போதும்னு ராவெல்லாம் பஸ்ல வந்தேன். பத்து நாள்ல வெளிநாடு போயிருவாளாம்ல.”

நான் அம்பை அழுத்திக்கொண்டே போனேன். பெண்ணோடு மாமா வீட்டுக்காரர்கள் வந்தார்கள், கடையில் வேலை பார்ப்பவர்கள் வந்தார்கள், மாப்பிள்ளையின் நண்பர்கள் வந்தார்கள்.

“பச்சைச் சேல. நல்லாப் பாரு.”

கடைசியிலிருந்து முதல் வரை போனேன். முதலிலிருந்து கடைசிக்கு வந்தேன். மறுபடியும் போனேன். அவர் இல்லை. என் விரல் வியர்த்து வழுக்க ஆரம்பித்தது. சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அப்பா வந்தார். “இன்னா பாப்பா?”

“இவங்க போட்டோவைக் காணோம்ப்பா.”

அப்பாவின் முகம் மாறியது. என்மேல் வந்த கோபம் என்று அப்போது நினைத்தேன். அவருக்குப் பின்னாலேயே மணப்பெண்ணின் அம்மாவும் சாவிக்கொத்தோடு வந்து நின்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரொம்ப நேரம் இல்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம்.

“எதுனா பட்டன அமுக்கினியா?” என்றார் அப்பா.

“அம்பு மட்டும்தான்ப்பா.”

“அழிச்சிட்டா போலக் கீது மேடம்.” படத்தைப் பறிகொடுத்தவர் அந்த அத்தை. அப்பா அதைச் சொன்னது மணப்பெண்ணின் அம்மாவிடம். சொல்லிவிட்டு என் உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார்.

“இதுக்குத்தான் சின்னப் புள்ளைங்க கையில குடுக்கக் கூடாதுங்கறது,” என்றார் மணப்பெண்ணின் அம்மா.

அத்தை என்னை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். “எதுக்குத் தம்பி புள்ளைய அடிக்கீக? அது என்ன தெரிஞ்சா பண்ணுச்சு? இன்னொரு படம் எடுத்துட்டாப் போச்சு. ஒரு நிமிசம்.”

“பொண்ணு நகை மாத்திக்கிட்டு இருக்கா மதினி. அப்புறம் பாக்கலாம்.”

“எனக்கு நாலு மணிக்கு பஸ்ஸு.”

“அதுக்குள்ள வந்துருவா. சாப்பிட்டீங்களா? போய்ச் சாப்பிடுங்க.”

அத்தை நகரவில்லை. அப்பா என்னைப் பார்த்து, “மன்னிப்பு கேளு,” என்றார்.

“ஸாரி அத்தை. நான் தெரியாம அழிச்சுட்டேன்,” என்றேன். அந்த வாக்கியத்தை அன்றுதான் முதல் தடவை சொன்னேன்.

அவர் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். துணிப்பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து என் கையில் திணித்தார். “நீ என்ன வேணும்ன்னா செஞ்ச? தின்னு.” பிறகு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து, மணமகள் அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அடுத்த தடவை திரும்பிப் பார்த்தபோது அந்த நாற்காலியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பங்குனி, சித்திரை முழுவதும் நான் ஸ்டுடியோவுக்குள் நுழையக் கூடாது என்று உத்தரவு. பள்ளி விட்டதும், லீவு வந்த பிறகு காலையிலிருந்தே, மந்தைவெளியில் ஒரு அபாகஸ் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அம்மா அந்த மாதங்களில்தான் கம்ப்யூட்டரில் முகப்பரு மறைக்கக் கற்றுக்கொண்டாள். நான் அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை. சித்தப்பா எனக்கு ‘டிலீட்’ என்று பெயர் வைத்தார். வீட்டுக்கு வந்தால், “டிலீட்டு எங்க? எதுனா காணாமப் போயிருக்கான்னு பாருங்கோ,” என்பார். சொந்தக்காரர்கள் மத்தியில் அது ஒரு நல்ல நகைச்சுவைக் கதையாகிவிட்டது. என் கல்யாணத்தில்கூட, படம் எடுக்க வந்தவரிடம் யாரோ, “பொண்ணு கையில மட்டும் கேமராவைக் குடுத்துடாதீங்க,” என்றார்கள். மேடையில் நின்றுகொண்டு நானும் சிரித்தேன்.

அந்த வயதில் நான் என்ன செய்தேன் என்றால், யோசித்தேன். பிளாஸ்திரி ஒட்டித்தானே இருந்தது? ஒருவேளை பிளாஸ்திரிக்கு மேலேயே அழுத்தியிருப்பேனோ? விரல் வியர்த்து வழுக்கியபோது பட்டிருக்குமோ? நிஜமாகவே அழிக்கலாமா என்று அது கேட்டிருக்குமே, நான் படிக்காமல் சரி என்று சொல்லியிருப்பேனோ? வெறும் ஃப்ளாஷ் பற்றி எல்லாம் தெரிந்த எனக்கு ஏன் அது தோன்றவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். டிஜிட்டலில் படத்துக்குச் செலவே இல்லை என்று சொன்னவர் அப்பாதானே. செலவே இல்லாத ஒன்றை ஏன் ஒருவருக்கு மறுக்க வேண்டும்? பத்து வயதில் என் கணக்கு அவ்வளவுதான். அதற்கு மேல், அப்பா சொன்னால் அது நடந்ததுதான்.

பரீட்சையில் எழுதியதை அடிக்க மாட்டேன். கேஸை மூடிவிட்டேனா என்று மூன்று தடவை எழுந்து போய்ப் பார்ப்பேன். பெருங்குடியில் வேலை பார்த்த நாட்களில் ஒரு மின்னஞ்சலை அனுப்புமுன் பக்கத்து இருக்கைக்காரியிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புவேன். கவனமான பெண் என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

அப்பா இப்போது அதே சந்தில் ஒரு சின்ன அறையில் பாஸ்போர்ட் படமும் லாமினேஷனும் செய்கிறார். பழைய கல்யாணங்கள் எல்லாம் சி.டி.யில் இருந்தன. அவற்றின் மேல்பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டது என்று, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றித் தரும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். மகள் பள்ளிக்குப் போனதும் நங்கநல்லூர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றுவேன். அம்மாவின் கையெழுத்தில் அந்தத் தி. நகர் கல்யாணத்தின் பெயர் எழுதிய சி.டி. கைக்கு வந்தது. ஒரு வாரம் அதைக் கடைசியில் தள்ளித் தள்ளி வைத்தேன். பிறகு ஒரு மத்தியானம் திறந்தேன்.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், டிஜிட்டல் கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் தானே ஓர் எண் போட்டுக்கொண்டு போகும். நடுவில் ஒன்றை அழித்தால் அந்த எண் காணாமல் போய்விடும், மற்றவை நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்பாது. நான் முதல் படத்திலிருந்து எண்ணினேன். நூற்று எண்பத்தேழு படங்கள். ஓர் எண்கூட விடுபடவில்லை.

மறுபடி எண்ணினேன். என்னை எனக்குத் தெரியும், அதனால் மூன்றாவது தடவை காகிதத்தில் எழுதிக்கொண்டு எண்ணினேன். சி.டி.யில் ஏற்றும்போது அப்பா எண்களை மாற்றியிருப்பாரோ? அவருக்கு இன்றைக்கும் ஒரு கோப்பின் பெயரை மாற்றத் தெரியாது. கண் மூடியவர்கள், தலை வெட்டுப்பட்டவர்கள் எல்லாரும் அப்படியே இருந்தார்கள். எதுவும் அழிக்கப்படவில்லை. எந்த விரலும் எதையும் அழிக்கவில்லை.

நூற்று இருபத்தொன்றாம் படத்தில் மாமா வீட்டுக்காரர்கள். நூற்று இருபத்திரண்டில் கடை ஊழியர்கள். கேமரா பதிந்துவைத்த நேரப்படி, வரிசையில் மற்ற படங்களுக்கு நடுவே சில நொடிகள்தான் இடைவெளி. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடத்துக்கு மேல். ஒருவர் படியேறி, பெண்ணின் கன்னத்தைத் தொட்டு, சேலையைச் சரி செய்துகொண்டு, சிரித்து நின்று, இறங்குகிற நேரம். நூற்று இருபத்திரண்டின் இடது ஓரத்தில் ஒரு கரும்பச்சை முதுகு. ஒரு கை கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறது, இன்னொரு கையில் துணிப்பை. முகம் இல்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“அந்த டி. நகர் கல்யாணத்துல அப்பா அந்த அத்தைக்கு வெறும் ஃப்ளாஷ்தானே போட்டாரு?”

பின்னால் குக்கர் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

“இப்போ எதுக்கு அது?”

“சொல்லும்மா.”

“கல்யாணப் பொண்ணோட அம்மாதான் சொன்னாங்க. சொத்துல ஏதோ தகராறாம். அந்த அத்தை மூஞ்சி ஆல்பத்துலயே வரக் கூடாதுன்னுட்டாங்க. டிஜிட்டல்ல உடனே காட்டச் சொல்லிக் கேப்பாங்கன்னு உங்கப்பாவுக்கு அந்த நேரத்துல உறைக்கல. பழக்கதோஷம்.”

“நான் அழிக்கலன்னு உனக்குத் தெரியும்.”

“அன்னைக்கு வேற இன்னாடி சொல்றது? அவ்வளவு கூட்டத்துல? தொழில் போயிருக்கும். நீ சின்னப் பொண்ணு. உன்னை யாரு தப்பா நெனைக்கப் போறாங்க?”

“நானேதான் நெனச்சேன்.”

“ஒரு நாள் சொல்லணும்னுதான் இருந்தேன்,” என்றாள்.

அம்மாக்களாகிய உங்களிடம் இதைத்தான் கேட்க நினைத்தேன். சின்னப் பிள்ளை என்றால் எதை வேண்டுமானாலும் அதன் தலையில் வைக்கலாமா? மறந்துவிடும் என்று யார் சொன்னது? என்னைக் குட்டியதுகூடப் பெரிதில்லை. ஏமாற்றப்பட்ட ஒருவரின் எதிரே, ஏமாற்றிய இரண்டு பேர் நின்றுகொண்டு, மன்னிப்பு கேட்க என்னை முன்னால் தள்ளினார்கள். அவரும் மன்னித்தார். கடலைமிட்டாய் கொடுத்து மன்னித்தார். அந்த மன்னிப்பை இவர்கள் இருவரும் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் மகளின் பிறந்தநாள். எல்லாரும் வந்திருந்தார்கள். அவள் தாத்தாவின் போனை எடுத்து கேக்கைப் படம் எடுக்கப் போனாள்.

“பாத்துடி, ஒங்கம்மா மாரி டிலீட் பண்ணிடப் போற,” என்றார் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்.

மகள் என்னைப் பார்த்தாள். “அம்மா, நீ யாரோட போட்டோவ அழிச்ச?”

சொல்லலாமா என்று யோசித்தேன். விசேஷ வீடு. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. சர்க்கரை வேறு. பிறகு மகளின் முகத்தைப் பார்த்தேன்.

“நான் யாரோடதையும் அழிக்கல. தாத்தா எடுக்கவே இல்ல. எடுத்த மாதிரி வெளிச்சம் மட்டும் அடிச்சாரு. கேட்டப்போ நான் அழிச்சுட்டேன்னு சொல்லிட்டாரு.”

சித்தப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அப்பா கையிலிருந்த தட்டைப் பார்த்தார்.

“தொழில்ல அப்படித்தாம்மா. அந்தம்மா சொன்னாங்க, நான் செஞ்சேன்,” என்றார்.

“அது தொழில். எனக்குச் செஞ்சது?”

“நீ மறந்துட்டிருப்பேன்னு நெனச்சேன்.”

“நீங்க மறக்க விட்டாத்தானேப்பா?”

“சரி விடு, குழந்த பொறந்தநாள்ல,” என்றாள் அம்மா. நான் விடவில்லை. நாளைக்கு அப்பா அந்தக் கல்யாண வீட்டுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்றேன். இப்போ எதுக்கு, யாருக்கு ஞாபகம் இருக்கும், அசிங்கம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பத்து வயதில் நான் அவ்வளவு கூட்டத்தில் சொன்னேனே, அது யாருக்கும் அசிங்கமாக இல்லையா என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்த பிறகு வழக்கம்போல, தப்பு செய்கிறேனோ என்று ஒரு சந்தேகம் வந்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போய் அப்பாவின் எதிரே உட்கார்ந்தேன். பழைய வாடிக்கையாளர் நோட்டில் இருந்த எண் மாறிவிட்டிருந்தது. ஜவுளிக்கடைக்கு அழைத்து, வீட்டு எண்ணை வாங்கினோம். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். மணப்பெண்ணின் அம்மாவே எடுத்தார். அப்பா தன்னைச் சொல்லிக்கொண்டதும், “ஸ்டுடியோக்காரரா? நல்லா இருக்கீங்களா சார்? எங்க பேத்திக்கே இப்போ கல்யாணப் படம் எடுக்கற வயசாயிடுச்சு,” என்று சந்தோஷமாகப் பேசினார்.

அப்பா நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தார். “மேடம், அன்னைக்கு கல்யாணத்துல ஒரு போட்டோ... எம் பொண்ணு அழிச்சிட்டான்னு சொன்னேன். அவ அழிக்கல. நான்தான் எடுக்கல.”

“எந்தப் போட்டோ?”

அப்பா என்னைப் பார்த்தார். போனைக் கையால் மூடி, “பாத்தியா, ஞாபகமே இல்ல. விட்டுடும்மா,” என்றார். நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

நான் போனை வாங்கிக்கொண்டேன். “அத்தை நல்லா இருக்காங்களாம்மா?”

“எந்த அத்தை? யாரு பேசறது?”

“அன்னைக்கு உங்க மதினிகிட்ட மன்னிப்பு கேட்ட பொண்ணு. அந்த மன்னிப்பு என்னோடது இல்ல. உங்களோடதும் எங்கப்பாவோடதும். அவங்க நம்பர் இருந்தா கொடுங்க. அதை மட்டும் அவங்ககிட்ட சொல்லிடறேன்.”

வைத்துவிட்டார் என்று நினைத்து அப்பா கையை நீட்டினார். நான் தரவில்லை. ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. யாரையோ, டி.வி.யை நிறுத்து என்று அவர் சொல்வது கேட்டது.

பிறகு, “பேனா இருக்கா?” என்று கேட்டார்.